ஆற்றங்கரையில் ஐம்பது பேர்

ஆற்றங்கரைப் பூங்காவில் சின்னதாக ஒரு கல்யாணம் என்று சொன்னால் நம்மாட்களிடமிருந்து இரண்டே விதமான பதில்தான் வருகிறது. ஒன்று, "ஆகா, சினிமா மாதிரி இருக்குமே!" இன்னொன்று, "ஏன், மண்டபம் பிடிக்கக் காசு இல்லையா?" இந்த இரண்டு பேருமே ஆற்றைப் பார்க்கவில்லை என்பது என் கட்சி. முதலாமவருக்கு ஆறு என்பது போட்டோவுக்குப் பின்னால் தொங்கும் படுதா. இரண்டாமவருக்கு அது கூரை இல்லாத மண்டபம். நான் சொல்ல வருவது வேறு. ஆற்றங்கரையில் கல்யாணம் என்றால் அங்கே வீட்டுக்காரர் ஆறுதான், நாம் விருந்தாளிகள். அதை மனசில் வைத்துத் திட்டம் போட்டால் கல்யாணம் தானாகச் சின்னதாகிவிடும். யாரையும் கழித்துக் கட்டிச் சின்னதாக்க வேண்டியதில்லை.

இதைப் பற்றி இவ்வளவு யோசிக்கக் காரணம், தங்கைக்கு வருகிற மாசியில் கல்யாணம். நான் புனேவில் பொட்டி தட்ட வந்து பதினாறு வருஷம் ஆகிறது. தங்கை வந்து ஆறு வருஷம். மாப்பிள்ளை சாதாரா பக்கத்து மராட்டிப் பையன், அவள் அலுவலகத்திலேயே வேலை. இரண்டு வீட்டிலும் ஆரம்பத்தில் கொஞ்சம் முகம் சுளித்து, பிறகு சம்மதித்து, இப்போது எங்கே, எப்படி, எத்தனை பேர் என்ற சண்டையில் வந்து நிற்கிறோம். (சண்டை என்றால் இடம் குறித்துத்தான். மாப்பிள்ளையை இப்போது அம்மாவுக்கு என்னைவிடப் பிடித்திருக்கிறது.)

மாப்பிள்ளையின் ஊரை ஒட்டி கிருஷ்ணா நதிக்கரையில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. பழைய கருங்கல் படித்துறை, நாலைந்து ஆலமரம், நகராட்சி போட்ட சிமெண்டு பெஞ்சுகள், எதிர்க்கரையில் கரும்பு, அதற்குப் பின்னால் சகியாத்ரி. ஊர்ப் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் அடுத்த சீசனில் அங்கே செயற்கை அருவியும் நாலு ஜெனரேட்டரும் வந்து நிற்கும்.

இதைத் தேர்ந்தெடுக்கும் முன் வேறு இடங்களும் பார்த்தோம். கராடில் கிருஷ்ணாவும் கொய்னாவும் நேருக்கு நேர் மோதிக் கலக்கும் இடத்துக்குப் பெயரே பிரீதி சங்கமம். பெயரைக் கேட்டதும் தங்கை குதித்தாள். ஆனால் அங்கே மகாராஷ்டிராவின் முதல் முதலமைச்சர் யஷ்வந்த்ராவ் சவாணின் சமாதி இருக்கிறது. ஊர் ஜனம் சாயங்காலம் காலாற நடக்கும் இடம். பெயர் பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக அங்கே போய்ப் பந்தல் போட முடியாது. புனேக்குள்ளேயே முட்டா நதி ஓரம் கல்யாணப் புல்வெளிகள் வரிசையாக உண்டு. எண்ணூறு பேர், வாணவேடிக்கை, மணமகன் குதிரை, எல்லாம் கிடைக்கும். நதிதான் கிடைக்காது. சுவருக்குப் பின்னால் எங்கேயோ ஓடும்.

இனி அப்பா கதை. திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு அப்பா ஒரு பட்டியல் தயாரித்தார். 640 பேர். "ஏல, முப்பது வருஷமா ஊர்ல எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் போயிருக்கேன், மொய் எழுதியிருக்கேன். எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஒருத்தனும் வரப்படாதுன்னா என்ன அர்த்தம்?" இதைப் பழைய காலத்து மனுஷர் பிடிவாதம் என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். நான் ஒதுக்க மாட்டேன். மொய் என்பது வட்டியில்லாக் கடன், அது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், கல்யாணத்துக்கு வந்த கூட்டம் என்பது சாட்சி. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு கஷ்டம் என்றால் "நான் அந்தக் கல்யாணத்தில் இருந்தேன்" என்று பேச நாலு பேர் வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, வேறு பாஷை பேசும் வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அந்த நாலு பேர் இன்னும் அதிகமாகவே வேண்டும். அப்பாவின் பயம் அதுதான். அவர் அதை மொய்க்கணக்காகச் சொல்கிறார், அவ்வளவே.

தங்கையின் பக்கமும் நியாயம்தான். "அண்ணே, அறுநூறு பேர்ல எனக்கு அம்பது பேரைத்தான் தெரியும். மேடைல நின்னு மூணு மணி நேரம் கேமராவப் பாத்து சிரிக்கணும். எனக்கு அவர் என்ன சொல்லித் தாலி கட்டுறார்னு காதுல விழணும்." இதற்கு என்ன பதில் சொல்ல?

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தங்கை, மாப்பிள்ளை, தங்கமணி, நான் நாலு பேரும் அந்தப் பூங்காவுக்குப் போய் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஆற்றங்கரைக் கல்யாணத்துக்கு இதுதான் முதல் வேலை என்பேன். டேப்பும் வேண்டாம், அலங்காரக்காரரும் வேண்டாம். யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பாருங்கள். ஆறரை மணிக்கு இரண்டு பெரியவர்கள் குளித்துச் சூரியனுக்கு அர்க்கியம் விட்டார்கள். கோவில் குருக்கள் குடத்தில் தண்ணீர் மொண்டு போனார். ஏழு மணிக்குப் பெண்கள் துணி மூட்டையோடு வந்து கீழ்ப் படியில் உட்கார்ந்தார்கள். வலைக்காரர் ஒருவர். ஒன்பது மணி வாக்கில் எருமைகள். இவர்களில் ஒருவரைக்கூட நகரச் சொல்லாமல், அவர்கள் நடக்கும் பாதையில் ஒரு நாற்காலிகூடப் போடாமல், மரத்தடியில் எத்தனை பேர் உட்கார முடியும் என்று எண்ணினோம். ஐம்பது. இழுத்துப் பிடித்தால் ஐம்பத்தைந்து.

எண்ணிக்கை அங்கிருந்து வந்தது. மண்டபத்தில் முதலில் ஆளை எண்ணிவிட்டு அதற்கேற்ற மண்டபம் தேடுவோம். இங்கே அப்படியே தலைகீழ். "உங்களைக் கூப்பிடவில்லை" என்று சொந்தக்காரரிடம் சொல்வது கஷ்டம். "அந்த இடத்தில் ஐம்பது பேருக்குத்தான் இடம்" என்று சொல்வது எளிது, அது உண்மையும்கூட.

ஆற்றங்கரைக் கல்யாணம் வெளிநாட்டு மோஸ்தர் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் குறுக்குத்துறை முருகன் கோவில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. அப்பா, அம்மாவின் கல்யாணமே அங்கேதான் நடந்தது. கல்யாணத்தில் முளைப்பாலிகை விதைத்துக் கடைசியில் ஆற்றிலோ குளத்திலோ கரைக்கிறோமே, அது எந்த வெளிநாட்டுப் பழக்கம்? நாகஸ்வரமும் தவிலும் வீதியில் வாசிப்பதற்கென்றே ஆன வாத்தியங்கள். மராட்டியரின் சனை-சௌகடாவும் அப்படித்தான். ஏசி மண்டபத்துக்குள் மைக் வைத்து அவற்றை அலறவிட்டதுதான் பிற்பாடு வந்த பழக்கம்.

அதே குறுக்குத்துறையை வைத்துத்தான் அப்பா போனில் எங்களை மடக்கினார். "வெள்ளம் வந்தா முருகனையே தூக்கிட்டு மேலக்கோயிலுக்குப் போயிருதாங்க. ஒங்க பந்தல் எம்மாத்திரம்ல?" எனக்குத் தெரிந்து திறந்தவெளிக் கல்யாணம் பற்றி யாரும் சொன்ன மிக நல்ல யோசனை இதுதான். தாமிரபரணிக் கோவிலைக் கட்டியவர்கள் ஆறு ஏறும் என்று தெரிந்தே கட்டினார்கள், கரைமேல் இன்னொரு கோவிலையும் வைத்தார்கள். 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆகவே நாங்களும் ஒரு "மேலக்கோயில்" பார்த்து வைத்தோம். பூங்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மேட்டில் ஒரு பழைய தர்மசாலை. கூரை உண்டு, ஐம்பது பேருக்கு இடம் உண்டு. அன்றைக்கு மழையோ, தண்ணீர் திறப்போ, எது வந்தாலும் அரை மணியில் அங்கே போய்விடலாம். இப்படி ஒரு கூரை கைவசம் இல்லாமல் ஆற்றங்கரையில் தேதி குறிக்காதீர்கள்.

மற்றபடி நாங்கள் கவனித்த விஷயங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும்.

1. மேலே எந்த அணை? இந்தியாவில் அநேகமாக எல்லாப் பெரிய ஆற்றுக்கும் மேலே ஓர் அணை இருக்கிறது. எங்கள் இடத்துக்கு மேலே தோம் அணை. பருவமழையில்தான் தண்ணீர் விடுவார்கள் என்று நினைப்பது தப்பு. பாசனத்துக்காகவும் மின்சாரத்துக்காகவும் வெயில் காலத்திலும் திறப்பார்கள். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் நதியில் பாறைகள்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். வானத்தில் அதற்கு ஓர் அடையாளமும் இருந்திருக்காது. எனவே, தேதி முடிவானதும் நீர்வளத் துறைக்கு ஒரு கடிதம், முதல் நாள் ஒரு போன். படிக்குக் கீழே, தண்ணீருக்குள் நின்று போட்டோ என்ற பேச்சே கிடையாது. புனேப் பெரியவர்களிடம் இதை விளக்கவே வேண்டாம். 1961 ஜூலை 12 பான்ஷேத் அணை உடைந்து நகரத்துக்குள் ஆறு வந்ததை இன்னும் தேதியோடு சொல்வார்கள்.

2. நீலக் கோடு, சிவப்புக் கோடு. மகாராஷ்டிராவில் ஆற்றங்கரைகளுக்கு இரண்டு வெள்ளக் கோடுகள் வரைவார்கள். 25 வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லை நீலம். 100 வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடியது சிவப்பு. சாங்லி, கோலாப்பூர்க்காரர்கள் 2019-லும் 2021-லும் வெள்ளம் பார்த்துவிட்டதால் "நூறு வருஷம்" என்ற வார்த்தையை அவ்வளவாக நம்புவதில்லை. உங்கள் இடம் எந்தக் கோட்டுக்குள் என்று கேளுங்கள். நீலக் கோட்டுக்குள் என்றால் குழி தோண்டி நடும் எதுவும் வேண்டாம். நாங்கள் பந்தலே போடவில்லை. ஆலமரம் இருக்கிறது.

3. மாதம், மணி. நமக்கு மார்கழி ஆகாது. அவர்களுக்குச் சாதுர்மாசத்தில் ஆகாது, துளசி விவாகம் முடிந்த பிறகுதான். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது மழை ஓய்ந்து ஆறு தெளிந்திருக்கும் மாதங்கள். பஞ்சாங்கம் எழுதியவர்களும் ஆற்றைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். மணி விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டார் அந்தி நேர முகூர்த்தம் கேட்டார்கள், நாங்கள் காலை கேட்டோம். காலை ஜெயித்தது. காரணம் பஞ்சாங்கம் இல்லை. சாயங்காலம் என்றால் விளக்கு வேண்டும், விளக்கு என்றால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் என்றால் டீசலும் சத்தமும். காலை எட்டு மணிக்குச் சூரியன் இலவசம்.

4. சத்தம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும். ஐம்பது பேருக்கு எதற்கு ஒலிபெருக்கி? மங்கலாஷ்டகத்தை மாப்பிள்ளையின் அத்தைகள் வாயாலேயே பாடிவிடுவார்கள். தங்கை கேட்டதும் அதுதானே, காதில் விழவேண்டும் என்று.

5. குப்பை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையான ஒருமுறை உபயோகப் பிளாஸ்டிக் பட்டியலை எடுத்துப் படியுங்கள். தட்டு, டம்ளர், ஸ்பூன், பலூன் குச்சி, அலங்காரத் தெர்மோகோல், இனிப்புப் பெட்டியிலும் அழைப்பிதழிலும் சுற்றும் கண்ணாடித்தாள். கல்யாண வீட்டைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கும். நாங்கள் கரையில் சமைக்கவில்லை. சமையல் மாப்பிள்ளை வீட்டில், பந்தியும் அங்கேயே. பூங்காவில் வெல்லமும் தண்ணீரும் மட்டும், அதுவும் எவர்சில்வர் டம்ளரில். வந்த பூமாலைகள் ஆற்றுக்குள் போகாது, தோட்டத்து எருக்குழிக்குப் போகும்.

6. அண்ணாந்து பாருங்கள். இதை யாரும் சொல்வதில்லை. ஆலமரம், ஹோமம், புகை. மரத்தில் மலைத்தேனீக் கூடு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தேனீக்களைப் புகை கலைத்தால் கூட்டமாக வந்து கொட்டும். எங்கள் மரங்களில் ஒன்றில் பெரிய கூடு தொங்கியது. ஹோமகுண்டத்தை வேறு மரத்துக்கு, காற்று ஆற்றுப் பக்கம் போகும்படி மாற்றினோம். கூட்டை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்காரரைக் காலி பண்ணச் சொல்வது விருந்தாளிக்கு அழகில்லை. கேமரா டிரோனுக்கும் இதே காரணத்தால் தடா.

7. வயசானவர்கள். எழுபது வயசுக்கு மேல் ஏழு பேர். புல்தரையில் பிளாஸ்டிக் நாற்காலிக் கால் புதையும், அதனால் கீழே ஜமுக்காளமும் பலகையும். கழிவறை எங்கே, அது மேற்கத்திய வகையா, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது பூவலங்காரம் பார்ப்பதைவிட முக்கியம். பெரியவர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு வரத் தயங்குவது இதனால்தான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

8. சட்டம். இடம் எதுவானாலும் சட்டத்துக்குக் கவலையில்லை, சடங்குதான் கணக்கு. இந்து திருமணச் சட்டம் 1955-இன்படி இரண்டு பக்கத்தில் ஏதாவது ஒரு பக்கத்து வழக்கப்படி சடங்கு நடக்க வேண்டும். சடங்கே இல்லாமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றினால் போதும் என்பது, அண்ணா ஆட்சியில் 1967-இல் கொண்டுவந்த 7-ஏ பிரிவு. அது தமிழ்நாட்டுத் திருத்தம், சாதாராவில் அதை நம்பி இருக்காதீர்கள். வேறு வேறு மதம் என்றால் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். முப்பது நாள் நோட்டீஸ், மூன்று சாட்சிகள். கூடுதல் கட்டணம் கட்டினால் திருமண அதிகாரி நியாயமான தூரத்தில் உள்ள வேறு இடத்துக்கே வந்து நடத்தி வைக்க 12-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆற்றங்கரையும் அதில் அடக்கம்.

அனுமதி வாங்கப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். பூங்கா ஓர் அலுவலகம், படித்துறைக்குக் கீழே இன்னோர் அலுவலகம், சத்தத்துக்குப் போலீஸ். மாப்பிள்ளையின் மாமா மராட்டியில் கடிதம் எழுதினார். ஓர் அலுவலகத்தில் எழுத்தர், "எத்தனை பேர்? பாச்சே?" என்றார். ஐந்நூறா என்று அர்த்தம். "பன்னாஸ்", ஐம்பது என்றோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் கேட்டதுதான் முக்கியம். "அப்படியென்றால் இதற்கு எந்தப் படிவம்?" மண்டபத்துக்கு வாடகை விதி இருக்கிறது. பொதுக்கூட்டத்துக்கு விதி இருக்கிறது. ஐம்பது பேர் வந்து, கயிறு கட்டாமல், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதற்கு விதி இல்லை. நாலு முறை அலைந்த பிறகு "சிறு மதச் சடங்கு" என்று ஒரு தலைப்பில் அனுமதி கிடைத்தது.

என் கோபமும் ஆசையும் இங்கேதான். நம் நாட்டில் ஆற்றங்கரைகளுக்கு இரண்டே கதிதான் இருக்கிறது. ஒன்று பெரிதாக வாடகைக்கு விடுவது, இல்லையென்றால் முழுசாகத் தடை போடுவது. 2016 மார்ச்சில் டெல்லியில் யமுனையின் வெள்ளப்படுகையில் லட்சக்கணக்கானவர்களைத் திரட்டி உலகக் கலாச்சார விழா நடந்தது. படுகை பாழானதற்கு ஏற்பாட்டாளர்களே பொறுப்பு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 டிசம்பரில் சொன்னது. அந்த அமைப்பு அதை மறுத்தது. 2019 ஜூனில் ஆவுலி மலைப் புல்வெளியில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் கல்யாணம். குப்பை மலையானது, நைனிடால் உயர்நீதிமன்றம் மூன்று கோடி ரூபாய் கட்டிவைக்கச் சொன்னது. இன்னொரு பக்கம், ஹரித்வாரிலிருந்து உன்னாவ் வரை கங்கைக் கரையிலிருந்து நூறு மீட்டருக்குள் எந்தக் கட்டுமானமும் கூடாது என்று 2017 ஜூலையில் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. அது தேவையான உத்தரவுதான். ஆனால் ஏன் அந்த அளவுக்குப் போக வேண்டி வந்தது? 2023 நவம்பரில் பிரதமர் வானொலியில் கல்யாணங்களை வெளிநாட்டில் வைக்காமல் இந்தியாவிலேயே வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நல்ல யோசனைதான். அதைக் கேட்டு எல்லோரும் ஆற்றங்கரைக்கு வந்து ஆளுக்கு ஆயிரம் பேரைக் கூட்டினால் ஆறு என்ன ஆகும்?

நான் கேட்பது நடுவில் ஒரு வழி. ஒவ்வொரு ஊர் ஆற்றங்கரைப் பூங்காவிலும் வாரத்துக்கு இரண்டு காலைகள், அறுபது பேருக்கு மேல் இல்லாமல், பந்தல், ஒலிபெருக்கி, சமையல் எதுவும் இல்லாமல், சின்னக் கட்டணத்துக்கு, ஒரே பக்கப் படிவத்தில் அனுமதி. பூங்காவை மூடக் கூடாது, துணி துவைப்பவர் துவைக்கட்டும். மண்டபம் பிடிக்க ஐந்து லட்சம் கடன் வாங்குகிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசியுங்கள். ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வேலை பார்க்கும் ஊரில் நமக்கென்று குலதெய்வக் கோவிலும் இல்லை, தெருவை அடைத்துப் பந்தல் போட வீடும் இல்லை. வாடகை கொடுக்காமல் நிற்கக்கூடிய பொது இடம் ஆற்றங்கரை ஒன்றுதான்.

"பணக்காரர்கள் அறுபது பேர் என்று எழுதிவிட்டு அறுநூறு பேரோடு வருவார்களே" என்பீர்கள். வருவார்கள். அதற்குத்தான் முன்பணமும் காவலாளியும். விதியை மீறுபவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக விதியே போடாமல் இருந்தால், மீறுபவர்களுக்கு மட்டுமே ஆற்றங்கரை கிடைக்கும். இன்று நடப்பது அதுதான்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பதில் எங்கள் பக்கம் இருபத்தைந்து. யார் யார் என்பதைத் தங்கையே முடிவு செய்தாள், ஒரே ஒரு கேள்வி வைத்து: ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்தால் எடுப்பவர்கள் யார்? பட்டியலை அப்பாவுக்கு அனுப்பினோம். மறுநாள் போன் செய்து இரண்டு பெயரை அடித்துவிட்டு வேறு இரண்டு பெயர் சொன்னார். அடித்தது பணக்காரச் சொந்தம் இரண்டு. சேர்த்தது அவரோடு மில்லில் வேலை பார்த்த நண்பரையும், தங்கைக்கு எட்டாம் வகுப்பு எடுத்த கணக்கு டீச்சரையும். "இவங்க கேள்வி கேப்பாங்கல" என்றார். சாட்சி என்று நான் இங்கே நீட்டி முழக்கி எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பாக்கி 615 பேருக்குப் பங்குனியில் திருநெல்வேலியில் ஒரு நாள் சாப்பாடு. மொய்க்கணக்கு அங்கே நேராகிக்கொள்ளும்.

அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான் பாக்கி இருந்தது. பாலிகையை எந்த ஆற்றில் கரைப்பது? தாமிரபரணி இல்லையே. சென்னையில் இருக்கும் சித்திதான் அதைத் தீர்த்து வைத்தார். தெலுங்கு கங்கைத் திட்டத்தில் மகாராஷ்டிராவும் கர்நாடகாவும் ஆந்திராவும் ஆளுக்கு ஐந்து டி.எம்.சி. கொடுக்க ஒப்புக்கொண்டு, 1996-லிருந்து கிருஷ்ணா தண்ணீர் சென்னைக்கு வருகிறது. "அக்கா, நீ அங்க கரைச்சா எங்க வீட்டுக் குழாய்க்குத்தான் வரப்போகுது, பாத்து சுத்தமா கரை" என்றார். நடுவில் ஆல்மட்டி, ஸ்ரீசைலம், கண்டலேறு, பூண்டி என்று எத்தனையோ தேக்கங்கள் இருக்கின்றன. ஆனாலும் அம்மா அதைக் கேட்டு முளைகளை மட்டும் விடுவதாகவும், மண்சட்டிகளைத் திரும்ப எடுத்து வருவதாகவும் முடிவு செய்திருக்கிறார்.

தர்மசாலைச் சாவி யாரிடம் இருக்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை. அப்பா தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்கிறார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி அவரே படித்துறைக்குப் போய்த் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் தூங்குவாராம்.